எதிர்க்கடை மாத்திரை

முப்பத்தெட்டு வருசமா மெடிக்கல் கடை வச்சிருக்கேன் அண்ணாச்சி. என் வீட்டுக்காரி எதிர்க்கடையில போயி மாத்திரை வாங்குதா. இத எங்க போயிச் சொல்ல, நீங்களே சொல்லுங்க.

இருங்க, நல்லாச் சாஞ்சு இருங்க. திருநவேலி வரைக்கும்தான? நானும் அங்கதான். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கணும். அன்னா பாருங்க, முன்னால பொம்பளைங்க சீட்டுல, அரக்குச் சேலை உடுத்திட்டு, மடியில மஞ்சப்பையக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்காளே, அவதான். ஆவுடையம்மா. நீங்க இருக்க இந்த எடமே அவளுக்குத் துண்டு போட்டு வச்ச எடம். "காத்து வரணும்"னு முன்னால போயிட்டா. இங்க மட்டும் ஜன்னலத் தச்சா வச்சிருக்கான்? சவத்த விடுங்க. நீங்களாவது இருந்தீங்க.

எதிர்க்கடைன்னா நெசமாவே எதிர்க்கடை. நடுவுல ரோடு மட்டும்தான். ரெஜினான்னு ஒரு பொண்ணு, மருந்துப் படிப்பு படிச்சிட்டு வந்து நாலு வருசம் முன்னால கடை போட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. ஊருக்கு ரெண்டு கடை இருந்தா என்ன? ஆனா அந்தப் பொண்ணுக்கு வியாபாரமே தெரியாது அண்ணாச்சி. ஒருத்தன் காய்ச்சல்னு வந்தா நம்ம கடையில என்ன நடக்கும்? மூஞ்சியப் பாப்பேன். ஒரு வெள்ளை, ஒரு மஞ்ச, ஒரு குட்டிச் செவப்பு, கவர்ல போட்டு, "காலையில ராத்திரி, சாப்பிட்டுட்டு." முடிஞ்சுது. அடுத்த ஆளு. அந்தப் பொண்ணு என்னன்னா, எத்தன நாளா, இருமல் உண்டுமா, வேற என்ன மாத்திரை சாப்பிடுதீங்கன்னு கதை கேக்கும். கடைசியில, "நீங்க டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னு வெறுங்கையோட அனுப்பும். அதுக்கு எதுக்கு ஒரு கடை?

எனக்கு ஊருல பேரே மெடிக்கல் டாக்டர்தான். கோமதிநாயகம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. மெடிக்கல் டாக்டர்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட்டிட்டு வந்து விடும். அப்பிடிப்பட்டவன் வீட்டுலயே சீக்கு வந்துச்சு பாருங்க.

மொதல்ல முட்டுவலிதான். மூணு வருசம் இருக்கும். "முட்டு கடுக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவமா"ன்னா. நான் இருக்கும்போது ஆஸ்பத்திரி என்னத்துக்கு? போயி வரிசையில நின்னு, டோக்கன் வாங்கி, அவன் எழுதுத மாத்திரைய எங்க வாங்கணும்? நம்ம கடையிலதான? அதுக்கு நேரா இங்கேயே சாப்பிட்டாப் போச்சு. நல்ல வலி மாத்திரையா, ஒசந்த கம்பெனி மாத்திரையா, தினம் ஒண்ணு குடுத்தேன். வலி கேட்டுச்சுல்லா? கேட்டுச்சு. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

அப்புறம் அசதின்னா. குழாய்ல ஒரு கொடம் தண்ணி பிடிச்சிட்டு வாரதுக்குள்ள வாசப்படியில ரெண்டு தரம் உக்காருவா. மூச்சு வாங்கும். நான் சொன்னேன், ஆவுடை, உனக்கு அறுபத்தி மூணு ஆகுது, அசதி வராம என்ன செய்யும்? சரி, ரத்தம் கம்மியா இருக்கும்னு சத்து மாத்திரை குடுத்தேன். இரும்புச் சத்து. அந்தக் கறுஞ்செவப்பு மாத்திரை உங்களுக்கும் தெரியுமே. தினம் சாயங்காலம் முன்னால கடையில கல்லாவுல இருந்தே உள்ள வீட்டுக்குப் போன் போட்டுக் கேப்பேன். "மாத்திரை போட்டியாட்டி?" "போட்டேன்." எத்தன புருசன் அப்பிடிக் கேப்பான்?

ஒருநாள் இலையில சோத்த வச்சிட்டு நின்னா. "என்னட்டி"ன்னேன். "வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதுங்க. தார் மாதிரி. நாத்தமும் ஒரு மாதிரி இருக்கு"ன்னா. சாப்பிடும்போது சொல்லக்கூடிய பேச்சா இது? நான் சிரிச்சேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டா கறுப்பாத்தான் போகும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயப்படாதன்னேன். அது உண்மைதான் அண்ணாச்சி. எந்த டாக்டரக் கேட்டாலும் அதத்தான் சொல்வான். அசதி போகலன்னா அதுக்கென்ன? ஒண்ண ரெண்டாக்கினேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

அவ அப்பம் ஏதோ சொல்ல வந்தா. வாயத் தெறந்தா. அதுக்குள்ள கடைப் போன் அடிச்சிட்டு.

தேவர்குளம் வந்துட்டா? வெள்ளரிக்காய் வேணுமா உங்களுக்கு? வேண்டாமா? சரி. அவ திரும்பிப் பாக்கா பாருங்க. ஏட்டி, தண்ணி பாட்டில் பைக்குள்ள அடியில இருக்கு! குடி! அன்னா, தலைய ஆட்டிட்டுத் திரும்பிக்கிட்டா. நான் இல்லேன்னா அவளுக்குத் தண்ணி குடிக்கக்கூடத் தெரியாது.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டு மாத்திரை. பங்குனி மாசம் தென்காசியில ஒரு கல்யாணம். நான் போயிருந்தேன். அன்னைக்குன்னு பாத்து இவ ரோட்டத் தாண்டி ரெஜினா கடைக்குப் போயிருக்கா. என்னத்துக்குப் போனன்னு கேட்டா, "சும்மாதான் போனேன்"ங்கா. அந்தப் பொண்ணு இவ கண்ணு எமையக் கீழ இழுத்துப் பாத்திருக்கு. நகத்தப் பாத்திருக்கு. கையோட லேபுக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்தாச்சு. பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் அஞ்சே முக்கால். லேப்காரரு, "இந்த அம்மா நடந்தா வந்தாவ"ன்னு கேட்டிருக்காரு. நான் பந்தியில உக்காந்திருக்கேன், போன் வருது. பாயாசம் ஊத்துதான். எந்திரிச்சு ஓடி வந்தேன்.

திருநவேலியில குடல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். இந்த ஆஸ்பத்திரிதான், இப்பம் போற ஆஸ்பத்திரி. அங்க நடந்ததக் கேளுங்க, எனக்கு எவ்வளவு கேவலம்னு உங்களுக்கே தெரியும்.

டாக்டரு கேட்டாரு, "மோஷன் கறுப்பாப் போகுதா?" இவ வாயத் தெறக்கதுக்குள்ள நான் சொல்லிட்டேன். "இரும்பு மாத்திரை சாப்பிடுதா டாக்டர், அதனால கறுப்பு." அவரு இவளப் பாத்துக் கேட்டாரு. "எத்தன மாத்திரைம்மா சாப்பிடுதீங்க?"

இவ தரையப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "நான் ஐப்பசியிலேயே நிறுத்திட்டேங்கய்யா."

டாக்டரு பேனாவக் கீழ வச்சிட்டாரு.

ஐப்பசி! ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. அஞ்சு மாசமா தினம் சாயங்காலம் "போட்டேன் போட்டேன்"னிருக்கா. பச்சப் பொய். ஏன்னா வயித்தப் பெரட்டுதாம், வெளிக்குக் கட்டிக்கிடுதாம். அத எங்கிட்டச் சொன்னாளாம், நான் "சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, சரியாப் போகும்"னேனாம். மூணு தரம் சொன்னாளாம். சொல்லியிருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்ல.

டாக்டரு என்னப் பாத்துச் சொல்லுதாரு, "இரும்பு சாப்பிடாமலே அஞ்சு மாசம் கறுப்பாப் போயிருக்கு. அது ரத்தம் சார். உள்ள கசிஞ்சு கசிஞ்சு வந்த ரத்தம்."

யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. அவளுக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடாமலே கறுப்பாப் போகுதுன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, கடவுளுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பிடிச்சிருக்க மாட்டேனா? கூட இருந்தே ஏமாத்திட்டா. மெடிக்கல் டாக்டர ஏமாத்தணும்னா அவ எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்!

அதோட விட்டாரா? "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"ன்னாரு. "மூணு வருசமா, தினம் ஒண்ணு"ன்னா. அவருக்கு மூஞ்சியே மாறிட்டு. "யாரு எழுதிக் குடுத்தா? டாக்டரா?" "இல்லைங்கய்யா, மெடிக்கல்ல." "எந்த மெடிக்கல்லம்மா? ரத்தம் கசியுத குடலுக்கு இது வெசம். இத மூணு வருசம் குடுத்தவன மொதல்ல பிடிச்சு உள்ள போடணும். எந்த மெடிக்கல்?"

இவ திரும்பி என்ன ஒரு பார்வை பாத்தா. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேத்துட்டு.

"பேரு ஞாபகம் இல்லைங்கய்யா. ரோட்டு மேல ஒரு கடை"ன்னுட்டா.

அவளுக்கு அந்தப் புத்தி உண்டு அண்ணாச்சி. சபையில புருசன விட்டுக் குடுக்க மாட்டா. நானும் சொன்னேன், "இப்பம்லாம் கண்டவனும் மெடிக்கல் வச்சிருக்கான் சார், கவர்மெண்டு பாக்க மாட்டேங்குது"ன்னு. டாக்டரு, "நீங்க என்ன செய்யுதீங்க?"ன்னாரு. "பிசினஸ்"னேன். வெளிய வந்து அவகிட்ட, "நல்ல வேளை"ன்னேன். அவ பெஞ்சுல உக்காந்து கண்ண மூடிக்கிட்டா. ரத்தம் கம்மில்லா, தலை சுத்தியிருக்கும்.

அப்புறம் குடலக் கழுவணும்னு ஒரு பெரிய பாட்டில் உப்புத்தண்ணி. காலையில இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சா. பின்னால வழியாக் குழாய் விட்டுப் பாத்தாங்க. டிவியில எனக்கும் காட்டினாரு. பெருங்குடல்ல வலது பக்கம், ஆரம்பத்துலேயே, மூணு எடத்துல செவப்பா சிலந்தி கால விரிச்ச மாதிரி. "ரத்தக்குழாய் பின்னிப் பொடைச்சுக் கெடக்கு. பொறவியில வந்தது இல்ல, வயசாக வாரது. வலியே இருக்காது, அதான் தெரியாது. அப்பப்பக் கசியும், தானா நிக்கும், மறுபடியும் கசியும்." கேன்சரு இல்லேன்னாரு. எனக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அந்தக் குழாய் வழியாவே சூடு வச்சு மூணையும் கருக்கி விட்டாரு. ரத்தம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்ப வந்தாலும் வரும், அப்பிடி வந்தா அந்தப் பக்கத்துக் குடல அறுத்து எடுக்க வேண்டியிருக்கும்னு சொல்லித்தான் அனுப்பினாரு.

வைகாசியில வந்துட்டு. மத்தியானம். நான் சாப்பிட்டு எந்திரிக்கேன், பாத்ரூம்ல செம்பு விழுத சத்தம். "ஆவுடை"ன்னேன். கதவத் தள்ளினா, தரையெல்லாம் ரத்தம் அண்ணாச்சி. கறுப்பு இல்ல, பச்ச ரத்தம். அதுக்கு நடுவுல இவ செவத்துல சாஞ்சு கெடக்கா. உதட்டுல நிறமே இல்ல.

நான் பொய் சொல்லல, பயந்துட்டேன். வீட்டுக்கு முன்னாலதான் கடை. ஓடிப்போயி அலமாரி முன்னால நிக்கேன். முப்பத்தெட்டு வருசமா கண்ண மூடிட்டு எடுத்த கை, எத எடுக்கன்னு தெரியாம நிக்குது. அழுதேன். நாப்பத்தியோரு வருசம் கூட இருந்தவ. அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? மக பெங்களூருல. எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது.

ரெஜினாதான் ரோட்டத் தாண்டி ஓடி வந்துச்சு. இவளப் படுக்க வச்சு, காலத் தூக்கி ஒரு மருந்துப் பெட்டி மேல வச்சு, நூத்தியெட்டுக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ்ல கூடவே வந்துச்சு. சொல்ல வேண்டியதையும் சொல்லிரணும். அதுல அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்ல முடியாது. பெட்டி மட்டும் நம்ம கடைப் பெட்டி.

ஆபரேஷன் பண்ணினது ஒரு டாக்டரம்மா. ஊசியில சாயம் ஏத்தி ஸ்கேன் எடுத்து, எந்த எடத்துல ஒழுகுதுன்னு பாத்துட்டு வந்து பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாவ. பெருங்குடல்ல வலது பக்கத்துப் பாதிய வெட்டி எடுத்துட்டு, சிறுகுடலக் கொண்டு வந்து மிச்சத்தோட தச்சிருவாங்களாம். "உடனே பண்ணலேன்னா ஏத்துத ரத்தம் பூரா வெளிய போயிட்டே இருக்கும், ஆளு தாங்காது"ன்னாவ. நான் கேட்டேன், "என்ன ஆன்டிபயாட்டிக் போடுவீங்க?" "ஐயா, நீங்க கையெழுத்துப் போடுங்க"ன்னாவ. சொல்லலாம்லா? நானும் இந்த லைன்ல இருக்கவன்தான.

மூணரை மணி நேரம். தியேட்டர் வாசல்ல நின்னு சங்கரன்கோவில் அம்மாவுக்கு மாவிளக்கு எடுக்கேன்னு நேந்துக்கிட்டேன். அப்புறம் ஒரு நர்சு வந்து "ஆவுடையம்மா அட்டெண்டர்"னு கூப்பிட்டுச்சு. உள்ள ஒரு எவர்சில்வர் ட்ரேயில வெட்டி எடுத்த குடல் இருக்கு. எடுத்தத வீட்டாளுக்குக் காட்டணும்லா. குனிஞ்சு பாக்கேன், ஒண்ணுமே தெரியல. ஒரு புண்ணு கெடையாது, கட்டி கெடையாது. ஆட்டுக்குடல் எப்பிடி இருக்கும், அப்பிடித்தான் இருக்கு. "எங்கம்மா இருக்கு சீக்கு?"ன்னேன். டாக்டரம்மா சொன்னாவ, "வெளிய பாத்தாத் தெரியாது ஐயா. உள்ள பாக்கணும்." என்னமோ போங்க. இத்தன நாளு படாத பாடு படுத்தினது கண்ணுக்கே தெரியலன்னா மனசு ஆறுதா?

அதுக்கப்புறம் மூணு நாளு ஒரே கேள்விதான். "காத்துப் பிரிஞ்சுதா?" டாக்டரு கேப்பாரு, நர்சு கேக்கும், கூட்டுத அம்மா கேக்கும், போன்ல மக கேப்பா. காத்துப் பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், வாய்க்குத் தண்ணி தருவாங்க. நான் பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். நாலாம் நாளு காலையில நர்சு வந்து, "நேத்தே பிரிஞ்சிட்டுல்லா"ங்கு. நேத்தே! நர்சுகிட்ட சொல்லியிருக்கா, எங்கிட்டச் சொல்லல. நான் ஒரு நாள் பூரா சொந்தக்காரங்களுக்கெல்லாம் "இன்னும் இல்ல, இன்னும் இல்ல"ன்னு போன்ல சொல்லிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?

மானூர் வந்துட்டு போல. இங்க கொஞ்சம் நிப்பான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இவ படுத்திருக்கா, நான் பருப்புத் தேடுதேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால பழைய ஊறுகாய் பாட்டில். தெறந்தா, உள்ள பூரா என் மாத்திரை. கறுஞ்செவப்பா, பாதி பாட்டிலுக்கு மேல. ஒண்ணு கூடத் தூரப் போடல. கொண்டு போயி அவ முன்னால வச்சேன். "என்னட்டி இது?"ன்னேன். "தூரப் போட மனசு வரலைங்க, நீங்க குடுத்தது"ன்னா. "அப்பம் ஏன் முழுங்கல? முழுங்கலேன்னு ஏன் சொல்லல?"ன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "சொன்னா நீங்க சத்தம் போடுவீங்க"ங்கா.

நான் சத்தம் போடுவேனாம்! நான் என்னைக்கு அண்ணாச்சி சத்தம் போட்டேன்? நாப்பத்தியோரு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அவகிட்டச் சத்தம் போட்டிருப்பேனா? கேளுங்க, அவகிட்டயே கேளுங்க!

என்ன எல்லாரும் திரும்பிப் பாக்காங்க? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. குடும்ப விசயம், பேசிட்டு இருக்கோம்.

பைய பேசுவோம். சத்தத்துக்குப் பயந்துட்டு ஒருத்தி உசுர விடுவாளா? சொல்லுங்க. என்கிட்ட ரெண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டா என்ன கொறஞ்சு போகும்? உசுரு பெருசா, என் பேச்சு பெருசா? இவளுக்கு அது தெரியல பாருங்க. பேசத் தெரியாத பொம்பளையக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாத்திரை என் கையில வாங்க மாட்டேங்கா. அங்க எழுதிக் குடுத்த சீட்ட எடுத்துட்டுப் பைய நடந்து ரோட்டத் தாண்டுவா. எங்கிட்டயும் அதே மாத்திரை இருக்கு, அதே கம்பெனி. நான் இந்தப் பக்கம் கல்லாவுல உக்காந்து பாக்கேன். அந்தப் பொண்ணு ஸ்டூலத் தூக்கிப் போடுது, இவ உக்காருதா, பேசுதாங்க. பேசுதாங்க, பேசுதாங்க, அரை மணி நேரம் பேசுதாங்க. என் வீட்டுக்காரிக்கு இவ்வளவு பேச்சு எங்க இருந்து வந்துச்சு? சிரிக்கவும் செய்யுதா. ஊரே பாக்குது. "மெடிக்கல் டாக்டர் வீட்டுலயே எதிர்க்கடையிலதான் வாங்குதாவ"ன்னு ஆளுக தைரியமா அந்தப் பக்கம் போறாங்க. "ஏன் அங்க போற"ன்னு கேட்டேன். "அந்தப் பிள்ளை கேக்கு, நான் சொல்லுதேன்"ங்கா. நான் கேக்கலியா? தினம் கேக்கேன். "மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு நான் கேக்காத நாளு உண்டுமா?

சரி, அதெல்லாம் போகட்டும். இன்னைக்கு எதுக்குப் போறோம்னு சொல்லுதேன். எனக்கு மனசே சரியில்ல, அதான் உங்ககிட்ட இவ்வளவு பேசுதேன்.

போன மாசம் ரத்தம் பதினொண்ணு இருந்துச்சு. ஒரு வாரமா மூஞ்சி வெளுத்த மாதிரி இருக்கு. படியில உக்காருதா. திங்கக்கிழமை லேப்ல எடுத்திருக்கா, எங்கிட்டச் சொல்லல, லேப்காரரு சொல்லித்தான் தெரியும். எட்டரை. எட்டரைன்னா எங்கயோ போகுதுல்லா? டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாவ, எடுத்த எடத்துல இனி வராது, ஆனா வேற எடத்துல, சிறுகுடல்ல கூட இந்த மாதிரி இருந்தாலும் இருக்கும்னு. இன்னைக்குப் பாத்துட்டு, மாத்திரை மாதிரி கேமரா ஒண்ண முழுங்க வைக்கணுமா, மறுபடியும் அறுக்கணுமான்னு சொல்லுவாவ. இன்னொரு தரம் அறுத்தா தாங்குவாளா அவ? பாத்தீங்கல்லா, எப்பிடிக் குச்சியா இருக்கான்னு. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. இந்தத் தரமும் தரையில ரத்தத்தப் பாத்துத்தான் எனக்குத் தெரியணுமா?

கறுப்பாப் போகுதா, செவப்பாப் போகுதா, எப்பிடிப் போகுது? அவ்வளவுதான் கேக்கேன். "ஒண்ணுமில்ல"ங்கா. நேத்து நானே ரோட்டத் தாண்டிப் போனேன். நாலு வருசத்துல மொத தடவை. ரெஜினாகிட்டக் கேட்டேன், "எம்மா, அவ உங்கிட்ட என்ன சொன்னா?"ன்னு. அந்தப் பொண்ணு ஸ்டூலத் தூக்கிப் போட்டுச்சு. "உக்காருங்க அங்கிள். அம்மாகிட்டயே கேளுங்க, சொல்லுவாங்க. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்க"ன்னுச்சு. சும்மா இருந்தா எப்பிடிச் சொல்லுவா? நாமதான எடுத்துக் குடுக்கணும்? நான் உக்காரல, வந்துட்டேன்.

அதான் இன்னைக்குத் துண்டு போட்டு எடம் பிடிச்சேன். ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ல பக்கத்துல இருந்தா எப்பிடியும் சொல்லிருவான்னு. கடையும் இல்ல, போனும் அடிக்காது. "ஆவுடை, என்னன்னு சொல்லுட்டி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னு கேக்கணும்னு நினைச்சிட்டுத்தான் வந்தேன். அவதான் காத்து வேணும்னு போயிட்டாளே. இருக்கட்டும், எறங்கி ஆஸ்பத்திரிக்கு நடக்கணும்லா, அந்த வழியில கேப்பேன். கையப் பிடிச்சிக்கிட்டுக் கேப்பேன். ஊருல ஒருத்தனும் பாக்கப் போறதில்ல.

அதுக்கு மொதல்ல நாம என்ன செய்யணும்னா அண்ணாச்சி, பொம்பளைங்க மனசு இருக்கு பாருங்க, அதப் பேச வைக்கதுக்கு ஒரு வழி இருக்கு. இரு, இரு. ஆங். என்ன வழின்னா, நாம மொதல்ல நல்லா வெவரமா எடுத்துச் சொல்லணும். உனக்கு இன்ன சீக்கு, இன்ன எடத்துல இருக்கு, நீ மறைச்சா இன்னது நடக்கும், போன தரம் நீ மறைச்சதுனால என்ன ஆச்சு, எல்லாத்தையும் வரிசையா சொன்னா தானா வாய் தெறந்துரும். அப்பிடித்தான் இன்னைக்கு அவகிட்ட…

என்ன கண்டக்டர்? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? இன்னும் வரலியே. தாண்டிட்டா? எப்பம் தாண்டுச்சு? யோவ், ரெண்டு டிக்கெட்டு எடுத்திருக்கேன், ஸ்டாப்பு வந்தாச் சொல்ல மாட்டீரா? ஆவுடை! ஏட்டி ஆவுடை!

எங்க போனா? அந்த சீட்டுல வேற யாரோல்லா இருக்கா. கண்டக்டர், அந்த அம்மா எங்க? அரக்குச் சேலை, மஞ்சப்பை. எறங்கிட்டாளா? தனியாவா? யாரு எறங்கச் சொன்னா?

கூப்பிட்டாளா? என்னையா? ரெண்டு தரம் கூப்பிட்டாளா?

படியில நின்னு, "வாங்க, எறங்கணும், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னு கூப்பிட்டாளா? நான் என்ன செஞ்சேன்? கையக் காட்டினேனா? "இரு இரு"ன்னு கையக் காட்டினேனா? நானா?

அண்ணாச்சி, நான் கையக் காட்டினேனா? நீங்க பாத்தீங்களா? பாத்துட்டா சும்மா இருந்தீங்க? வாய் இருக்குல்லா உங்களுக்கு? இவ்வளவு நேரம் பக்கத்துலேயே உக்காந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?